போல்ட் பொருந்தும், ஒயரிங் பொருந்துமா?

1958-ம் ஆண்டு கிறைஸ்லர் நிறுவனம் தன் விலையுயர்ந்த மாடல்கள் சிலவற்றில் ‘எலக்ட்ரோஜெக்டர்’ என்றொரு புதுமையைக் கூடுதல் காசுக்குத் தந்தது. பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய, மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு அது. வாங்கியவர்கள் சில டஜன் பேர்தான். பானெட்டுக்கு அடியில் இருந்த சூட்டையும் அதிர்வையும் அந்தக் காலத்து மின்னணு உறுப்புகள் தாங்கவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கார்புரேட்டரை மாட்டினார்கள். மின்னணு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனின் கதை இப்படி ஒரு பாகமாற்றத்தில்தான் தொடங்குகிறது. அதுவும் பின்னோக்கிப் போன மாற்றம்.

பெண்டிக்ஸின் காப்புரிமைகள் பிறகு ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1967-ல் பாஷ் அதே யோசனையை ‘டி-ஜெட்ரானிக்’ என்ற பெயரில் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் உருப்படியாக ஓடவைத்தது. அதற்குப் பிறகு ஓட்டம்தான். 1973-ல் கே-ஜெட்ரானிக், 1974-ல் எல்-ஜெட்ரானிக், 1979-ல் பற்றவைப்பையும் பெட்ரோலையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய மோட்ரானிக், 1980-களில் சூடான கம்பியால் காற்றை அளக்கும் எல்.எச்.-ஜெட்ரானிக், ஃபோக்ஸ்வாகனின் டிஜிஃபான்ட் என்று சில ஆண்டுகளுக்கு ஒரு புது அமைப்பு வந்துகொண்டே இருந்தது. ஆனால் அந்த அமைப்புகள் உட்கார்ந்திருந்த இரும்பு பிளாக் அவ்வளவு வேகமாக மாறவில்லை. பிளாக்கை வார்க்கும் அச்சும் சிலிண்டர் துளைக்கும் எந்திரமும் பெருமுதலீடு. அதைப் பத்திருபது ஆண்டுகள் பிழிந்தெடுக்காமல் எந்தத் தொழிற்சாலையும் விடாது.

இரும்பு மெதுவாக மாறியது, அதற்கு பெட்ரோல் ஊட்டும் முறை வேகமாக மாறியது. பழைய கார்களில் இன்ஜின் மாற்றும் கலை முழுவதும் இந்த வேக வித்தியாசத்தில்தான் வாழ்கிறது. புதிய தலைமுறையின் இன்ஜின் பழைய தலைமுறையின் உடம்பில் போல்ட்டுக்கு போல்ட் உட்கார்ந்துவிடும். அது ஸ்டார்ட் ஆகுமா, ஆன பிறகு ஒழுங்காக ஐடிலிங்கில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது பெட்ரோல் குழாயும் ஒயர்களும்தான்.

இதற்குப் பாடப்புத்தகம் போன்ற உதாரணம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். 1974-ல் வந்த முதல் தலைமுறை, 1983-ல் வந்த இரண்டாவது, 1991-ல் வந்த மூன்றாவது ஆகிய மூன்றின் பெட்ரோல் மாடல்களில் பெரும்பகுதி ஈ.ஏ.827 என்ற ஒரே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பம் 1972-ல் ஆடி 80 காரில் பிறந்தது. அதன் அடையாள எண் 88 மி.மீ. ஒரு சிலிண்டரின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்த சிலிண்டரின் நடுப்புள்ளிக்கு உள்ள தூரம் அது. ஆடியின் ஐந்து சிலிண்டர் இன்ஜினிலும், கோல்ஃப் டீசலிலும், பின்னாளில் வந்த 20 வால்வு டர்போவிலும்கூட இந்த 88 மி.மீ. மாறவே இல்லை. துளையின் அளவை மட்டும் 79.5 மி.மீ.-லிருந்து 81-க்கும், பிறகு 82.5-க்கும் அகட்டினார்கள், பிஸ்டன் போய்வரும் தூரத்தை 80 மி.மீ.-லிருந்து 86.4-க்கும், 92.8-க்கும் நீட்டினார்கள். 1,588 சி.சி. இன்ஜின் 1,781 ஆகி, 1,984 ஆனது இப்படித்தான். கடைசிக் கட்டத்தில் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே மிஞ்சிய இரும்பு வெறும் 5.5 மி.மீ.

இந்தத் தொடர்ச்சிதான் ஆசையைத் தூண்டுகிறது. 1976-ல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. சுமார் 810 கிலோ எடை, 110 குதிரைத்திறன். ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று நினைத்துத் தொடங்கிய மாடல் அது. மூன்றாம் தலைமுறையின் 16 வால்வு ஜி.டி.ஐ.-யில் 150 குதிரைத்திறன் இருந்தது. ஆனால் கார் 1,000 கிலோவைத் தாண்டிக் கொழுத்துவிட்டது. கனமான காரின் இன்ஜினை எடுத்து லேசான காரில் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழாமல் இருந்தால்தான் அதிசயம்.

கோல்ஃப் ஆர்வலர்கள் இன்ஜின்களைக் காரின் பெயரால் சொல்வதில்லை. பிளாக்கில் குத்தியிருக்கும் எழுத்துகளால்தான் சொல்வார்கள். ஈ.ஜி. என்றால் முதல் ஜி.டி.ஐ.-யின் 1.6. டி.எக்ஸ். என்றால் 1982-ல் அதற்கு வந்த 1.8. ஈ.வி. என்றால் இரண்டாம் தலைமுறையின் கே-ஜெட்ரானிக் 1.8. பி.பி. என்றால் 1987-ல் டிஜிஃபான்டுக்கு மாறிய அதே 112 குதிரைத்திறன் இன்ஜின். கே.ஆர். என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத 139 குதிரைத்திறன் 16 வால்வு. ஏ.பி.எஃப். என்றால் மூன்றாம் தலைமுறையின் 150 குதிரைத்திறன் 16 வால்வு. காயலான் கடையில் கிடக்கும் ஒரு பிளாக்கின் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் இந்த இரண்டு மூன்று எழுத்துகள்தான்.

இவற்றில் முதல் தலைமுறைக் காருக்கு அதிகம் தேடப்பட்டது கே.ஆர். பழைய காரின் 020 என்ற கியர்பாக்ஸ் அதோடு நேரடியாகச் சேரும். கிளட்ச் 190 மி.மீ.-ஆ, 210 மி.மீ.-ஆ என்று பார்த்து ஃபிளைவீலைப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். ஏ.பி.எஃப். விஷயத்தில் முதல் சிக்கல் உயரம். பழைய 1.8 இன்ஜின்களின் பிளாக் உயரம் 220 மி.மீ.; ஏ.பி.எஃப்.-ன் உயரம் 236 மி.மீ. நீளமான கனெக்டிங் ராடுக்காக 16 மி.மீ. உயர்த்தியிருந்தார்கள். இன்ஜின் அறையில் 16 மி.மீ. என்பது சின்ன விஷயம் இல்லை. பானெட்டுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருந்த விரலிடை அதில் காணாமல் போய்விடும். ஆனாலும் இவையெல்லாம் அளந்து, வெட்டி, வெல்டு வைத்துத் தீர்க்கக்கூடிய சங்கடங்கள். நல்ல பட்டறையில் ஒரு வாரத்து வேலை. தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

பழைய காரில் இருக்கும் பெட்ரோல் ஏற்பாட்டைப் பாருங்கள். கார்புரேட்டர் காரின் மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் 0.2 முதல் 0.4 பார் வரைதான். டிஜிஃபான்ட், எல்-ஜெட்ரானிக் போன்ற மின்னணு அமைப்புகளுக்கு 2.5 முதல் 3 பார் தேவை. கே-ஜெட்ரானிக்குக் கிட்டத்தட்ட 5 பார். ஆகவே சாதாரணக் கார்புரேட்டர் கோல்ஃபில் இன்ஜெக்‌ஷன் இன்ஜினை ஏற்றுபவர் வண்டியின் பின்பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்: புதுப் பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய்கள், மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போக ஒரு ரிட்டர்ன் லைன். வளைவில் வேகமாகத் திரும்பும்போது பெட்ரோல் டேங்கின் ஓரத்துக்கு ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருக்க ஒரு சிறு இடைத்தொட்டியும் வேண்டும். கார்புரேட்டரில் மிதவை அறை இருப்பதால் ஒரு நொடி காற்று வந்தாலும் இன்ஜினுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்த நொடியே இன்ஜின் விக்கும். இன்ஜினுக்குப் பெருந்தொகை செலவழித்துவிட்டுப் பழைய ரப்பர் குழாயிலேயே 5 பார் அழுத்தத்தை ஓடவிடுவது இந்தத் துறையில் நடக்கும் மிக மோசமான சிக்கனம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இதற்கு நேர்மாறான வழியில் ஒரு வசதி உண்டு. காரில் ஏற்கெனவே கே-ஜெட்ரானிக் இருந்திருந்தால் அதன் பம்பும் குழாய்களும் டிஜிஃபான்டின் 3 பாரைச் சுலபமாகச் சமாளிக்கும். பிரஷர் ரெகுலேட்டர் மட்டும் புது இன்ஜினோடு வந்தால் போதும். பழைய ஜி.டி.ஐ. உடம்புக்கு மவுசு அதிகம் என்பதற்கு இந்தப் பின்பக்க வசதியும் ஒரு காரணம்.

கே-ஜெட்ரானிக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அடிப்படை வடிவத்தில் அதற்குக் கணினி கிடையாது. காற்று உள்ளே நுழையும் கூம்பு வாயில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அந்த அளவுக்குத் தட்டு நகர்கிறது. தட்டோடு சேர்ந்த நெம்புகோல், ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சரைத் தள்ளுகிறது. பிளஞ்சர் உயர உயர அதன் ஓரத்திலுள்ள மெல்லிய பிளவுகள் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாயில் பெட்ரோல் போகிறது. இன்ஜெக்டர்கள் விட்டுவிட்டுத் தெளிப்பதில்லை. குழாயில் அழுத்தம் மூன்றரை பாரை ஒட்டி வந்ததும் திறந்து, இடைவிடாமல் தெளித்துக்கொண்டே இருக்கும். போர்ஷ 911, மெர்சிடஸ், வோல்வோ 240, ஃபெராரி 308, டிலோரியன் என்று அது ஏறாத வண்டி குறைவு.

ஒயர் இல்லாத அமைப்பு என்பதால் அதை எந்தக் காரிலிருந்தும் எந்தக் காருக்கும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். பாதி உண்மை. ஏற்றிவிட்டால் இன்ஜின் ஓடும். ஆனால் காற்றுக் கூம்பின் சரிவு ஒவ்வொரு இன்ஜினின் தேவைக்கும் ஏற்றபடி கடையப்பட்டது. 1.6 இன்ஜினின் கூம்பையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் 1.8 16 வால்வு இன்ஜினில் வைத்தால், ஐடிலிங்கில் சரியாக இருக்கும் கலவை உயர் ஆர்.பி.எம்.-ல் மெலிந்து போகலாம். இன்ஜின் சூடாகும்வரை கலவையைச் சரிக்கட்டும் வார்ம்-அப் ரெகுலேட்டரும் மாடலுக்கு மாடல் வேறு. ஒரே தோற்றத்தில் இருக்கும் இரண்டு ரெகுலேட்டர்களின் கட்டுப்பாட்டு அழுத்தத்தில் அரை பார் வித்தியாசம் இருந்தாலே காலையில் வண்டி புகைவிடும், அல்லது கிளம்பவே கிளம்பாது. இதைக் காதால் கேட்டுச் சரிசெய்ய முடியாது. பிரஷர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பல பட்டறைகளில் அந்த கேஜே இல்லை. கே-ஜெட்ரானிக்குக் கெட்ட பெயர் வந்ததில் பாதி அதனால்தான்.

வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் பெட்ரோல் பிசினாகிப் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் உண்மையான பலவீனம். தட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழலில் மயிரிழை விரிசல் விழுந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே போய்க் கலவை கெட்டுவிடும் என்பது இன்னொன்று.

இந்த இடத்தில் ஒரு பொது விதி புலப்படுகிறது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் அமைப்புகள் இரண்டு சாதி. ஒன்று, உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பவை. தட்டு, மடக்குக் கதவு, சூடான கம்பி என்று கருவி எதுவானாலும். மற்றது, மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தையும் ஆர்.பி.எம்.-ஐயும் பார்த்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று ஊகிப்பவை. இன்ஜின் மாற்றத்தை முதல் வகை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேமை மாற்றினாலும், சிலிண்டரை அகட்டினாலும், கூடுதல் காற்று கருவியைத் தாண்டித்தானே போக வேண்டும்? கருவியின் எல்லைக்குள் இருக்கும்வரை கணக்கு தப்பாது. இரண்டாம் வகைக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. எந்த இன்ஜினுக்காக ஊகம் எழுதப்பட்டதோ அந்த இன்ஜின்தான் வேண்டும்.

போர்ஷ 914-ன் கதை இதற்குச் சாட்சி. அதன் 1.7, 2.0 லிட்டர் இன்ஜின்களில் இருந்தது, அழுத்தத்தைப் பார்த்து ஊகிக்கும் டி-ஜெட்ரானிக். ‘டி’ என்ற எழுத்தே அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அந்த இன்ஜின்களைப் பெரிதாக்கி, முரட்டு கேம் போட்டவர்கள் ஐடிலிங்கில் வெற்றிடம் குறைந்துபோய் அமைப்பு குழம்புவதைப் பார்த்தார்கள். பலர் அலுத்துப்போய் இரட்டைக் கார்புரேட்டருக்குத் தாவினார்கள். அப்படிக் கழற்றி எறிந்த டி-ஜெட்ரானிக் உறுப்புகளை, அசல் வடிவத்துக்கு மதிப்பு ஏறிய பிறகு, அடுத்த தலைமுறை உரிமையாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

ஜப்பானில் இதே விதி வேறு முகத்தோடு வந்தது. ஹோண்டாவின் பி.ஜி.எம்-எஃப்.ஐ. அழுத்தத்தை நம்பும் சாதி. 1989-ல் இன்டெக்ராவில் வந்த பி16ஏ, 1,595 சி.சி.-யில் 160 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு நூறு. அதே ஆண்டுகளின் சாதாரண சிவிக்கில் இருந்த டி-சீரிஸ் இன்ஜினை எடுத்துவிட்டு பி-சீரிஸை வைப்பது உலகம் முழுக்க ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. 1992-95 சிவிக்கில் மவுண்ட் பிராக்கெட், ஆக்சில், கியர் லிங்கேஜ் மாற்றினால் இன்ஜின் உட்கார்ந்துவிடும். அதற்கு முந்தைய தலைமுறையில் கிளட்ச் கேபிளால் இயங்கும், பிந்தையதில் ஹைட்ராலிக். அங்கே கொஞ்சம் சில்லறை வேலை இருக்கும். இன்ஜினை ஏற்றியவர் அதை இயக்கும் கணினியான இ.சி.யூ.-வையும் ஏற்றியே ஆக வேண்டும். டி-சீரிஸ் இ.சி.யூ.-வுக்கு வீடெக் வால்வையோ நாக் சென்சாரையோ தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் அதன் ஊகப் பட்டியல் வேறு இன்ஜினுக்கு எழுதியது.

ஹோண்டா ஆட்கள் தலைமுறைகளை ஓ.பி.டி. பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று பிரிப்பார்கள். 1996 முதல் அமெரிக்காவில் கட்டாயமான ஓ.பி.டி. இரண்டு, கார்களின் புகைக் கோளாறுகளைக் கணினி தானே கண்டுபிடித்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி. இ.சி.யூ. பிளக்குகளும் அதோடு மாறின. வணிகம் உடனே ஒரு வழி கண்டது. ஒரு பக்கம் பழைய பிளக், மறுபக்கம் புது பிளக் கொண்ட சிறு இணைப்பு ஒயர். அதை மாட்டி, 1996-க்குப் பிந்தைய சிவிக்கில் 1992-95 காலத்து இ.சி.யூ.-வை இயக்கினார்கள். பழைய பெட்டியின் சிப்பை மாற்றி எழுத முடியும் என்பதுதான் பின்னோக்கிப் போனதற்குக் காரணம். புகைச் சோதனை உள்ள மாநிலங்களில் அது சட்டத்துக்குப் புறம்பு. அங்கேயும் அது நின்றுவிடவில்லை.

இன்ஜெக்டர்களை மட்டும் மாற்றும் சின்ன வேலையிலும் குழிகள் உண்டு. சில இன்ஜெக்டர்களின் மின்தடை 2 அல்லது 3 ஓம்; சிலவற்றுக்கு 12 முதல் 16 ஓம். அதிகத் தடைக்காக வடிவமைத்த இ.சி.யூ.-வில் குறைந்த தடை இன்ஜெக்டரை, நடுவில் ரெசிஸ்டர் பெட்டி இல்லாமல் மாட்டினால், மின்னோட்டம் பல மடங்காகி இ.சி.யூ.-வின் டிரைவர் எரிந்துபோகும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களும் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள்: பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பாரை 3.5 ஆக்கினால் கிடைப்பது 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் மட்டுமே. ரெகுலேட்டரைத் திருகி 1.6 இன்ஜெக்டரை 2.0 இன்ஜெக்டராக்க முடியாது.

பி.எம்.டபிள்யூ. ரசிகர்களின் விருப்பப் பாதை, இ30 என்ற 3 சீரிஸ் உடம்பில் அடுத்த தலைமுறை இ36-ன் எம்50 ஆறு சிலிண்டர் இன்ஜின். பிரேக் பூஸ்டர் மேனிஃபோல்டோடு முட்டும். ஆயில் சம்ப்பை 5 சீரிஸான இ34-லிருந்து கொண்டுவர வேண்டும். ஒயரிங்கில் வேலை இருந்தாலும் தொல்லை குறைவு; எம்50 தன் மோட்ரானிக் பெட்டியோடும் முழு ஒயரிங்கோடும் வந்தால், காரோடு சேர வேண்டியவை மின்சாரம், பம்ப், மீட்டர் முள்கள் போன்ற சில ஒயர்கள்தான். அவை இ30-ல் ஒரே வட்ட பிளக்கில் இருக்கின்றன. வடிவமைத்தவர் இதை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஃபோக்ஸ்வாகனிலும் அப்படி ஒரு தற்செயல் உண்டு. 1980-களின் கடைசியில் இரண்டாம் தலைமுறை கோல்ஃபின் ஃபியூஸ் பெட்டியை மாற்றினார்கள். ஆர்வலர்கள் பழையதை சி.ஈ.1 என்றும், புதியதை சி.ஈ.2 என்றும் சொல்வார்கள். புதிய பெட்டி அதே நிறுவனத்தின் கொராடோ காரிலும் மூன்றாம் தலைமுறை கோல்ஃபிலும் தொடர்ந்தது. அதனால் சி.ஈ.2 உள்ள கோல்ஃபில் கொராடோ இன்ஜினின் ஒயரிங் பெருமளவு பிளக்குக்கு பிளக் சேரும். ஒரு வருடம் முந்தைய சி.ஈ.1 காரில் அதே வேலைக்கு ஒவ்வொரு ஒயராகச் சர்க்யூட் படம் பார்த்துப் பிரித்துச் சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்! 2.8 லிட்டர் வி.ஆர்.6 இன்ஜினை இரண்டாம் தலைமுறை உடம்பில் ஏற்றுபவர்கள் துருவை அடுத்து முதலில் குனிந்து பார்ப்பது டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத்தான். அந்த வி.ஆர்.6-க்கு வேண்டிய கிராஸ்மெம்பரும் மவுண்டுகளும் கொராடோவிலிருந்தே கிடைக்கும். இரண்டாம் தலைமுறைக்கும் மூன்றாம் தலைமுறைக்கும் நடுவே பாலமாக நிற்கும் கார் அது.

வோல்வோ 240-ல் இன்ஜினைவிட ஒயர்தான் முதலில் சாகும். 1980-க்கும் 87-க்கும் நடுவே வந்த வோல்வோக்களின் இன்ஜின் ஒயரிங்கில், ஒயரை மூடியிருந்த உறை சூட்டில் உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடஸ் எம்104 இன்ஜின்களுக்கும் இதே சாபம் இருந்தது. இப்படிப்பட்ட காரிலிருந்து இன்ஜினை எடுப்பவர் ஒயரிங்கையும் சேர்த்து எடுத்தால், நோயையும் சேர்த்தே எடுத்து வருகிறார். மாற்று இன்ஜின் ஏற்றிய பிறகு வரும் புரியாத கோளாறுகளில் கணிசமானவை இன்ஜினோடு சம்பந்தமே இல்லாதவை: துருப்பிடித்த எர்த் இணைப்பு, உதிர்ந்த உறை, விரிசல் விட்ட வாக்குவம் குழாய்.

மற்ற பாகங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிரேக்கைத் தாண்டிப் போக முடியாது. முதல் ஜி.டி.ஐ.-யின் முன் டிஸ்க் 239 மி.மீ.; 16 வால்வு கோல்ஃபுக்குத் தொழிற்சாலையே 256 மி.மீ. கொடுத்தது. வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட முதல் தலைமுறைக் கார்களில் பெடல் வலப்பக்கமும் பூஸ்டர் இடப்பக்கமும் இருக்க, நடுவே ஒரு நீண்ட கம்பி வளைந்து கொடுக்கும். பிரிட்டன் ஓட்டுநர்கள் அதை இன்றும் நொந்துகொண்டே பேசுவார்கள். 110 குதிரைத்திறனுக்கே போதாத பிரேக்கை 150-க்கு அப்படியே விடுவது இன்ஜின் மாற்றமல்ல, விபத்துக்கு முன்பதிவு.

இந்த விளையாட்டுக்கு ஒரு கால எல்லை இருக்கிறது. 1990-களின் நடுவில் ஐரோப்பியக் கார்களில் இம்மொபிலைசர் வரத் தொடங்கியது. ஜெர்மனியில் 1998 ஜனவரி முதலும், பிரிட்டனில் அதே ஆண்டு அக்டோபர் முதலும் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். சாவிக்குள் ஒரு சிப், ஸ்டீயரிங் அருகே அதைப் படிக்கும் வளையம், இரண்டையும் அடையாளம் கண்டால் மட்டும் வேலை செய்யும் இ.சி.யூ. திருட்டுக்குப் போட்ட பூட்டு, பாகமாற்றத்துக்கும் பூட்டாகிவிட்டது. 1993-ன் இன்ஜினை எடுப்பவருக்கு இ.சி.யூ.-வும் ஒயரிங்கும் போதும். 1999-ன் இன்ஜினை எடுப்பவருக்குச் சாவி, படிக்கும் வளையம், சில சமயம் மீட்டர் பெட்டிவரை வேண்டும், இல்லாவிட்டால் இ.சி.யூ.-வின் நினைவகத்திலிருந்து அந்தப் பூட்டை அழிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்குப் பிறகு த்ராட்டில் கேபிளும் போய், ஆக்சிலரேட்டர் பெடலே ஒரு சென்சார் ஆனது. ஹோண்டாவில் எல்லை இன்னும் அப்பட்டமானது: 2001-ல் கே20 வந்தபோது இன்ஜின் சுற்றும் திசையே மாறிவிட்டது. பி-சீரிஸ் இடச்சுற்று, கே-சீரிஸ் வலச்சுற்று. பழைய கியர்பாக்ஸோடு அதைச் சேர்க்கும் பேச்சே இல்லை.

ஆக, 1970-களின் நடுவிலிருந்து 1990-களின் நடுவரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள்தான் தலைமுறைகளுக்கு நடுவே கதவு விரியத் திறந்திருந்த காலம். அதற்கு முன் மாற்றிக்கொள்ளத் தக்க இன்ஜெக்‌ஷன் அபூர்வம். அதற்குப் பின் இன்ஜினும் உடம்பும் ஒன்றையொன்று அடையாளம் கேட்கும்.

பூட்டை உடைக்காமல் ஓரமாகச் சுற்றிப்போக ஒரு வழி 2001 வாக்கில் வந்தது. புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் ‘மெகாஸ்குவர்ட்’ என்ற, ஆர்வலர்கள் தாங்களே சால்டர் வைத்துக் கூட்டிக்கொள்ளக்கூடிய இ.சி.யூ.-வை வெளியிட்டார்கள். கார் கம்பெனியின் இ.சி.யூ. தேவையில்லை. பெட்ரோல் பட்டியலை உரிமையாளரே லேப்டாப்பில் எழுதலாம். இன்ஜின் எந்தத் தலைமுறை, உடம்பு எந்தத் தலைமுறை என்ற கேள்வியே எழாது. விலையும் குறைவு. இந்தச் சுதந்திரத்துக்கு விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. பாஷ் பொறியாளர்கள் குளிர்ப் பிரதேசத்திலும் மலை உச்சியிலும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து எழுதிய குளிர்-ஸ்டார்ட் கணக்கை, ஓர் ஆர்வலர் வார இறுதிகளில் எழுத வேண்டும். முழு த்ராட்டிலில் சீறிப் பாய்ந்து, சிக்னலில் நின்றதும் அணைந்துபோகும் கார்கள் அப்படிப் பிறந்தவைதான். தினமும் ஓட்ட வேண்டிய காருக்கு, ஒரே டோனர் காரிலிருந்து இன்ஜின், இ.சி.யூ., ஒயரிங், பம்ப், ரெகுலேட்டர் என்று முழு அமைப்பையும் எடுப்பதுதான் இன்றும் சிறந்த வழி. ஆளுக்கொரு பாகமாகச் சேர்த்த இன்ஜினில் கோளாறு வந்தால் அதற்குப் பொருத்தமான சர்வீஸ் புத்தகம் உலகத்தில் எங்கும் இருக்காது.

இந்தியாவில் இந்தப் பழக்கத்துக்குத் தொழிற்சாலையே முன்னோடி. 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடம்போடு வந்த அம்பாசடரில் 1992-ல் இசுசூவின் 1.8 லிட்டர் இன்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஏற்றியது, 1,489 சி.சி. பழைய இன்ஜினோடு ஒப்பிட்டால் அது வேறு வண்டி. தனியார் அதையே செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ரக இன்ஜினை ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு மாற்றலாம், வேறு எரிபொருளுக்கு மாற்றவும் வழி உண்டு. சென்னை புதுப்பேட்டையில் இன்ஜின் கிடைப்பது கஷ்டமில்லை. அதன் எண்ணைப் புத்தகத்தில் ஏற்றுவதுதான் கஷ்டம்.

கலிஃபோர்னியாவின் விதி வேறு மாதிரி. அங்கே இன்ஜின் மாற்றலாம், ஆனால் பழையதை நோக்கிப் போகக் கூடாது. ஏற்றும் இன்ஜின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் ஒன்றுவிடாமல் கூடவே வர வேண்டும். மாநில அலுவலகத்தின் நடுவர் பார்த்து ஒப்புக்கொண்டால் காரில் ஒரு சீட்டை ஒட்டுவார். பாகங்களை உதிரியாகச் சேர்க்காதே, முழு அமைப்பாக எடு என்று நல்ல மெக்கானிக் சொல்வதைத்தான் அந்தச் சட்டமும் சொல்கிறது.

ஜெர்மனியில் சிக்கல் சுவாரசியமானது. முதல் பதிவிலிருந்து 30 ஆண்டு கடந்த, அசல் நிலைக்கு நெருக்கமான கார்களுக்கு நம்பர் பிளேட்டின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்தும் வரிச் சலுகையும் கிடைக்கும். மாற்றங்களும் அனுமதி, ஆனால் அவை கார் பதிவாகி முதல் பத்தாண்டுக்குள் செய்திருக்கக்கூடியவையாக, அந்தக் காலத்து உறுப்புகளைக் கொண்டவையாக இருக்க வேண்டும். 1980-ல் பதிவான முதல் தலைமுறை கோல்ஃப் ஒன்றை எடுத்துக்கொண்டால், 1990 வரை சந்தைக்கு வந்தவை அதற்குச் செல்லும். 1980-களின் நடுவில் வந்த கே.ஆர். இன்ஜினை அதில் ஏற்றி, ஆய்வாளர் பிரேக்கையும் புகையையும் ஒப்புக்கொண்டால் எச் பிளேட் கிடைக்க வாய்ப்புண்டு. 1990-களில் வந்த ஏ.பி.எஃப்.-ஐ ஏற்றியவருக்கு அது இல்லை. அவருடைய இன்ஜின் 16 மி.மீ. உயரம் அதிகம் என்பதற்காக அல்ல, சில வருடம் தாமதமாகப் பிறந்துவிட்டது என்பதற்காக.